நான்காம் அத்தியாயத்தை எடுக்காதே

அன்பு மகள் மார்யூத்துக்கு,

இங்கே நானும் உன் தங்கை துய்ரேயும் சுகம், ஹெல்சிங்கிக் குளிரில் நீ சளி பிடிக்காமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். பனியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்துவிட்டதால் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள், பள்ளியை விட்டபின் இப்போதுதான் பேனாவைத் தொடுகிறாள், கையெழுத்தைக் கேலி செய்யாதே. நீ தொலைபேசியில் சொன்னதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. ஆய்வேட்டிலிருந்து நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிடப் போகிறேன் என்கிறாய், எடுத்தால் பட்டம் தள்ளிப்போகும், விரிவுரையாளர் வேலையும் கைவிட்டுப் போகும் என்றும் நீயே சொல்கிறாய். எல்லாம் உன் மாமா தைஸ்தோவுக்குப் பயந்துதானே? ஞாயிற்றுக்கிழமை அண்ணன் இங்கே வந்து காப்பியைக் குடித்துக்கொண்டே கத்தினார். நம்ம ஊராட்சியைப் பக்கத்து ஊரோட சேக்கறதை ஆம்பளைங்க சௌனா நீராவி அறையில வேர்த்துக்கிட்டே முடிவு பண்ணாங்கன்னு எழுதியிருக்காளாமே உன் மக, பேர் போடலைன்னா மட்டும் அப்ப தலைவர் யாருன்னு தெரியாதா என்றார். தெரியாம என்ன, நீங்கதானே அண்ணா என்றேன். அதற்கு இன்னும் கோபம். பட்டம் தருமுன் எல்லார் முன்னிலையிலும் ஆய்வை விசாரித்து முடித்ததும் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று நீ அரங்கத்தைப் பார்த்துக் கேட்டாக வேண்டுமாமே, அப்ப எந்திரிச்சு இது பொய்னு பேராசிரியருங்க முன்னாடியே சொல்றேன் பாரு என்று சொல்லிவிட்டுப் போனார்.

வரட்டும், சொல்லட்டும். அப்போது நானும் அந்த ஊராட்சி மன்றத்தில் உறுப்பினர்தானே. என் மனம் சங்கடப்படும் என்று நீ ஆய்வுக்காக மன்றத்தின் மற்றப் பெண்களிடம் கேட்டாய், என்னிடம் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்த ஆண்கள் சௌனாவுக்குள் இருந்தபோது நான் வெளியே தொத்திறைச்சி வாட்டிக்கொண்டிருந்தேன். சிவந்த முகத்தோடு அவர்கள் வெளியே வந்தபோது முடிவும் குளித்துத் துவட்டிக்கொண்டுதான் வந்தது, மறுநாள் கூட்டத்தில் நான் கை தூக்குவது மட்டுமே பாக்கி.

அதனால் எழுதியபடியே அச்சுக்குக் கொடு. விசாரணைக்கு நானும் துய்ரேயும் உன் மாமாவும் ஒரே ரயிலில்தான் வருகிறோம், வழிக்கு மீன் அடைத்த ரொட்டி செய்து எடுத்து வரச் சொல்லியிருக்கிறார் அவர், கை சரியானால் செய்வேன். வேளைக்குச் சாப்பிடு, கறுப்பு உடையை முன்னாடியே தேய்த்து வை, கடவுள் உன்னோடு இருப்பார். நீ ஆட்சேபம் உண்டா என்று கேட்கும்போது குரல் நடுங்கக் கூடாது. அண்ணன் பேசி உட்கார்ந்ததும் நான் எழுந்திருப்பேன். மன்றத்தில் இருந்த காலமெல்லாம் நான் எழுந்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

உன் அம்மா,
ரைலி