இருக்கிறத ஊத்து

1972 ஜூன் 11, ஞாயிறு. காலை ஒன்பது மணி பத்து நிமிடம். அலுவிகாரையில் உன் கொட்டகையில் வண்டிகள் ஐந்து. நான்கு ஓடும். ஐந்தாவது உன் பெரிய சலூன், மார்க் செவன். பொலிஸார் நேற்றுத்தான் திருப்பிக் கொடுத்தார்கள், லொறியில் வந்து இறங்கியிருக்கிறது. முன்பக்கம் என்று சொல்ல அதற்கு அதிகம் மிச்சமில்லை. நீ மௌத்தாகிப் பதினைந்து நாள்.

நான் அழ வரவில்லை மச்சான். உன் மூத்தவர், நானா, கேட்ட கடிதத்தை எழுத வந்தேன். நசுங்காமல் தப்பியிருந்த பிரேக் திரவ டப்பாவின் மூடியைத் திருகியதும் ஒரு வாசனை வந்தது. தையற்கடை வாசனை. பிரேக் திரவத்துக்குக் கசந்த ஸ்பிரிட் நெடி இருக்கும். இது அது இல்லை. விரலால் தொட்டு முகர்ந்தேன். மெல்லிய, சுத்தமான, தையல் மெஷினுக்கு விடுகிற ஒயில். திரும்பிப் பார்த்தால் தட்டில் அந்த ஒயில் டின் நிற்கிறது, பாதி காலி. ஊற்றி முடித்து டின்னைத் துடைத்தும் வைத்திருக்கிறாய்.

முட்டாளே. உனக்கு யார் சொன்னது என்று கத்தினேன். கத்திய பிறகுதான், யார் சொன்னது என்பது ஞாபகத்துக்கு வந்தது.

அதற்கு முன் உன்னைத் திட்டவேண்டியதைத் திட்டிவிடுகிறேன்.

வெள்ளைத் துரைமார் தோட்டங்களை விட்டுக் கப்பலேறத் தொடங்கியபோது ஊரில் மற்றவர்கள் அவர்களுடைய பியானோவையும் கண்ணாடி அலுமாரியையும் வாங்கினார்கள். நீ சாதிக்காய் மூட்டை ஏற்றி அனுப்பிய கையோடு போய் வண்டி வாங்கினாய். அதுவும் பிழைப்புக்கு ஆகிற வண்டி இல்லை. கியரை முன்கூட்டியே தேர்ந்து வைத்துவிட்டுத் தேவைப்படும்போது மிதிக்கிற சஃபயர். இஸ்திரி போட்ட மடிப்பைப்போல உடம்பெல்லாம் விளிம்புள்ள அந்தக் கறுப்பு சலூன். இந்தத் தீவிலேயே மொத்தம் மூன்றுதான் இருக்கும் என்று நீ சத்தியம் செய்கிற இரண்டு கதவுக் கூப்பே. அது வந்த அன்று உன் உம்மா வாசலில் நின்று கேட்டது ஊருக்கே தெரியும்.

"ரெண்டு கதவு கொறஞ்சதுக்கு வெல கூடவா? ஒனக்கென்ன பைத்தியமா மகன்?"

"கதவுக்கில்ல உம்மா, ஓட்டத்துக்கு."

"ஓடி எங்க போகப்போற? மாத்தள டவுனுக்குத்தானே?"

உம்மா சொன்னது சரி. மணிக்கு நூறு மைல் போகிற எஞ்சினை வாரத்துக்கு ஒருமுறை சந்தி வரை ஓட்டிக் கொண்டுவந்து, துடைத்து, துணி போர்த்தி நிறுத்துவாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஓடாத வண்டிக்குப் பேர் அலுமாரி" என்பேன். "ஒன் டிப்போ பஸ் ஓடுதே மிஸ்டர் இன்ஜினியர், அதுக்கு என்ன பேர், வண்டியா?" என்பாய். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த காலத்திலிருந்து உனக்குப் பதில் மட்டும் குறைந்ததில்லை.

நீ நீண்ட தூரம் ஓட்டுவது ஒரே ஒரு காரியத்துக்கு. இன்னொரு வண்டி பார்க்கப் போவதற்கு. அதற்கு உன்னிடம் ஒரு சட்டம் இருந்தது. பஸ்ஸில் போய் இறங்கினால் துரை உன்னை சாதிக்காய் வியாபாரியாகப் பார்ப்பானாம். கொட்டகையில் இருப்பதிலேயே பெரியதில் போய் இறங்கினால் கதவைத் திறந்து தேத்தண்ணி கொடுத்துப் பேசுவானாம். அதனால்தான் அன்றைக்கு மார்க் செவன். அத்தனை வண்டிகளிலும் பாரம் கூடியது, அத்தனை வண்டிகளிலும் பிரேக் நலிந்தது. பல்லேகம ரோட்டில் ஏலக்காய்த் தோட்டத்து பங்களாவில் தார்ப்பாயின் கீழ் நிற்கிற ஒரு பச்சைக் கூப்பேயைப் பார்க்க, மலையேறி மறுபக்கம் இறங்க வேண்டிய பாதையில் அதை எடுத்துக்கொண்டு போனாய். ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஞாயிறு அதை வாங்கக் கொழும்பிலிருந்து வேறு ஒருவன் வருகிறான் என்று கேள்விப்பட்டு சனிக்கிழமையே கிளம்பினாய். ஒரு நாள். ஒரு நாள் பொறுக்கமுடியவில்லை உனக்கு. அந்தக் கூப்பே எங்கே ஓடிவிடும்? அதற்கு டயரே இல்லையாம்.

இறக்கத்தில் மூன்றாவது வளைவு. நான் போய்ப் பார்த்தேன். அதைப்பற்றி எழுதமாட்டேன்.

இப்போது யட்டவத்தையில் கராஜ் வைத்திருக்கிற மெக்கானிக் பாஸுடைய கதைக்கு வருகிறேன், உனக்கு அது தெரியாது. நீ போவதற்கு இரண்டு கிழமை முன்பு அவருடைய கராஜில் கைப்பிரேக் கேபிளை இறுக்கக் கொடுத்தாய். கடைசியாக வண்டியில் கைவைத்தவர் அவர்தான் என்று உன் நானா முடிவு கட்டிவிட்டார். முந்தாநாள் என்னைக் கடைக்குக் கூப்பிட்டார்.

"நீ படிச்சவன். அந்த பாஸ் செஞ்ச வேல பிழைன்னு ஒரு கடிதம் எழுதிக் குடு. ஒன் கையெழுத்து இருந்தா பொலிஸ் கேக்கும்."

"பாத்துட்டு எழுதுறேன் நானா."

"பாக்க என்ன இருக்கு? தம்பி போயிட்டான். வேற யாரு கை வெச்சது?"

மறுநாள் பாஸே டிப்போ வாசலுக்கு வந்தார். கராஜைப் பூட்டிவிட்டாராம். வேலைக்கு ஒரு வண்டியும் வருவதில்லையாம். கண் சிவந்திருந்தது. "மாத்தயா, நான் கேபிள் மட்டும்தான் இறுக்கினது. பெடல் பக்கம் தொடவே இல்ல. புள்ளைங்க மேல சத்தியம்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொலிஸ்ல சொல்லுங்க" என்றேன். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கடிதத்தை மனசுக்குள் பாதி எழுதியும் வைத்திருந்தேன். என் நண்பனைக் கொன்ற கையைத் தேடிக்கொண்டிருந்தவனுக்கு அந்தக் கை வசதியாகக் கிடைத்தது.

கை அவருடையது இல்லை. நீ போவதற்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை மத்தியானம், நான் டிப்போவில் ஒரு பஸ்ஸின் அடியில் படுத்திருந்தேன். உன் சப்பாத்து தெரிந்தது, பளபளவென்று.

"மச்சான், பெடல் கொஞ்சம் கீழ போகுது."

"பிரேக் ஒயில் கொறஞ்சிருக்கும். ஊத்து."

"டவுன்ல ஒரு கடையிலயும் இல்ல. இறக்குமதி நின்னுபோச்சாம்."

"அப்ப இருக்கிறத ஊத்து. சண்டே வந்து பாக்குறேன். இப்ப போ, வேலை இருக்கு."

இவ்வளவுதான். பஸ்ஸுக்கு அடியிலிருந்து தலையைக்கூட நீட்டவில்லை. பிரேக் திரவத்தில் எந்தக் கம்பனி டின் கையில் கிடைத்தாலும் பரவாயில்லை, அதை ஊற்று என்பது என் நினைப்பு. ஒயில் என்றால் ஒயில் என்று நீ எடுத்துக்கொண்டாய். அதிலும் உன் வண்டிக்கு மட்டமான ஒயிலை ஊற்றுவாயா? ஊரிலேயே சுத்தமானதைத் தேடித் தையற்கடைக்குப் போயிருக்கிறாய்.

மாத்தளையிலிருந்து கொழும்பு வரைக்கும் எல்லாரும் அதை பிரேக் ஒயில் என்றுதான் சொல்கிறோம். அது ஒயிலே அல்ல. இன்ஜினியரிங் படிப்பின் முதல் வருடத்தில் எங்களுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள்: மெஷின் எண்ணெய் பட்டால் பிரேக்கின் உள்ளே இருக்கிற ரப்பர் ஊறிப் பெருக்கும். பெருத்த ரப்பர், காலை எடுத்த பிறகும் பிரேக்கை விடாது. இறக்கத்தில் சக்கரத்து டிரம் கொதிக்கும். அப்புறம் பெடல் தரையைத் தொடும். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழுப் புள்ளி. டிப்போவுக்கு வந்த முதல் கிழமையே ஊரோடு சேர்ந்து ஒயில் என்று சொல்லப் பழகிவிட்டேன்.

நீ "எந்த ஒயில்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் நான் எரிந்து விழுவேன் என்று தெரியும் உனக்கு. போன வருடம் சஃபயரின் கியர்ப்பெட்டியைப் பற்றி இரண்டு தரம் கேட்டதற்கு, "ஒனக்கு மண்டையில என்ன, சாதிக்காயா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டவன் நான்தானே. சிரித்தாய். அதன் பிறகு நீ என்னிடம் எதையும் இரண்டாம் தரம் கேட்டதில்லை. அதை நான் இன்றைக்குத்தான் கவனிக்கிறேன்.

இனிச் செய்யப்போவது:

1. இப்போதே பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றுவேன். அதன் உள்ளே ஊதிப்போன ரப்பர் எனக்குத் தேவையில்லை, பொலிஸுக்குத் தேவை.

2. பதினொன்றரை பஸ்ஸில் யட்டவத்தைக்குப் போவேன். பாஸை நானே பொலிஸுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். "இருக்கிறத ஊத்து" என்று சொன்னது நான் என்று, சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதிக் கொடுப்பேன்.

3. அங்கிருந்து உன் நானாவின் கடை. அடித்தால் வாங்கிக்கொள்வேன். டிப்போவில் வேலை போனால் போகட்டும்.

4. உன் மனைவி இத்தாவில், கணவனை இழந்தவள் திரைக்குள் இருக்கிற காலத்தில், இருக்கிறாள். நான் அவள் முகத்தைப் பார்க்க இன்னும் நாலு மாதம் ஆகும். அதுவரைக்கும் தள்ளிப்போட எனக்கு அது நல்ல சாட்டு. தள்ளிப்போடமாட்டேன். இன்றைக்கே திரைக்கு இந்தப் பக்கம் நின்று, அவளுடைய தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்வேன்.

5. சொல்லும்போது "ஆனால்" என்ற சொல் என் வாயில் வராது. கடையில் கிடைக்கவில்லை, அவன் கேட்கவில்லை, ஒரு நாள் பொறுக்கவில்லை, ஒன்றும் சொல்லமாட்டேன். அதையெல்லாம் இங்கே உன்னிடம் கத்தித் தீர்த்தாயிற்று. இனி யாரிடமும் கத்த எனக்கு உரிமை இல்லை.