புத்தாண்டுக்கு வீட்டில் இருக்காதவர்கள்

ஜனவரி 9

முள்ளங்கி ஊறுகாய்க்கு நறுக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் குழுவை நடத்துகிற ஹோவ் அண்ணன் போனில் கூப்பிட்டார். இந்த வருஷமும், மாசக் கடைசியில் வருகிற நம் புத்தாண்டுக்கு வெளியூர்தான், முடிவாகிவிட்டதாம். பெய்ஜிங், சியான், குய்லின். எல்லோரும் இளவயதிலேயே பார்த்து முடித்திருக்க வேண்டிய இடங்கள். நாங்கள் அப்போதெல்லாம் பிள்ளையின் டியூஷனுக்கு அலைந்துகொண்டிருந்தோம்.

ஒன்பது பேர். அரசாங்கம் வீட்டுக்கு ஒரே ஒரு பிள்ளைதான் பெற்றுக்கொள்ள விட்டது, பெற்றோம். அந்த ஒன்றும் செத்துப் போய்விட்டது. எங்கள் ஊர் ஹெங்யாங்கில் புத்தாண்டு ராத்திரி மாடிக்கு மாடி பிள்ளைகள் வந்து இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியாதவர்கள் நாங்கள். அதனால் போகிறோம். ஊர் பார்க்க இல்லை.

ஹோவ் அண்ணன் சியானை முதலில் சேர்க்கவில்லை. ருய்தான் பிடிவாதம் பிடித்தாளாம். "அந்த மண் வீரர்களைப் பாக்காம செத்தா என் கட்டை வேகாது அண்ணே" என்றாளாம். அவள் கேட்டால் அவருக்கு மறுக்கத் தெரியாது. யாருக்குமே தெரியாது. எங்களில் சிரிக்க வைக்கிறவள் அவள் ஒருத்திதான்.

ஜனவரி 17

காய்கறிக் கடையில் என்னை விவாகரத்து செய்துவிட்டுப் போன புருஷன். தோளில், இரண்டாம் கல்யாணத்தில் பிறந்த அந்தப் பையன். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரித் தொப்பி. நான் கீரைக்கட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 25

ரயில். ஊருக்குப் போகிற கூட்டம், பெட்டிகள், அழுகிற குழந்தைகள். ருய் எனக்கு ஜன்னலோரம் பிடித்து வைத்திருந்தாள். மிளகாய் விழுது ஒரு பெரிய பாட்டிலில் கொண்டு வந்திருக்கிறாள். "வடக்கத்திக்காரங்க சாப்பாட்டுல உப்பும் இருக்காது உசுரும் இருக்காதுக்கா. நீங்க நோயாளி மாதிரி தின்னுட்டு வருவீங்க" என்றாள்.

அறையும் அவளோடுதான். வழக்கம்போல.

அவளுடைய பையன் ஹாங் பத்தொன்பது வயதில் ஆற்றில் மூழ்கிப் போனான். என் மகள் யாவ்யாவைப் பற்றி நான் முழுதாகச் சொன்னது அவளிடம் மட்டும்தான். கடைசி மாதம் ஆஸ்பத்திரியில் யாவ்யாவ் என்னைத் திட்டியதைக்கூட. ருய் அப்போது ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "திட்டட்டும்க்கா, வேற யாரைத் திட்டுவா" என்றாள். அதற்கப்புறம் கொஞ்ச நாள் தூங்கினேன்.

ஜனவரி 26

பழைய அரண்மனை. குளிரில் காது கழன்றுவிடும் போல இருந்தது. எங்கள் வழிகாட்டி பெய் என்கிற சின்னப் பெண். மஞ்சள் கொடி, இடுப்பில் ஒலிபெருக்கி. எங்கள் கதையை ஏஜென்சி அவளிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்பது காலையிலேயே தெரிந்துவிட்டது.

"தாத்தா பாட்டிங்களா, இந்தப் படியில நின்னு போட்டோ எடுங்க. பிள்ளைங்களுக்கு அனுப்புங்க, வயிறெரியட்டும்."

எல்லோரும் நின்றோம். எடுத்தாள். என்ன செய்வது.

மெங் வீட்டம்மா கைப்பையிலிருந்து மகன் படத்தை எடுத்து ஒவ்வொரு கூடத்துக்கும் நேராகக் காட்டினாள். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம். பெய் எட்டிப் பார்த்து, "பையனா? ஏன் கூட்டிட்டு வரல?" என்றாள்.

"வேலை அதிகம்மா அவனுக்கு."

எத்தனை அரசர்கள், எத்தனை அரியணை. பெய் சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு மனதில் நின்றது ஒன்றுதான் — வாரிசு இல்லாமல் செத்த அரசர்களும் இருந்தார்கள், அவர்களுக்கும் யாரையாவது கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்.

ஜனவரி 27

பெருஞ்சுவர். பாதியில் முழங்கால் மடங்கிவிட்டது. ருய்யும் மேலே போகாமல் என்னோடு உட்கார்ந்துவிட்டாள். கீழே காய்ந்த மலை, அதற்கப்பால் காய்ந்த மலை. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு அது வழக்கமில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டேன். "நாளைக்கு மத்தியானம் சியான்ல சும்மா விட்டிருக்காங்கல்ல. ஒரு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போகணும். கூட வர்றீங்களாக்கா? தனியாப் போக பயமா இருக்கு."

சொந்தக்காரர் வீட்டுக்குப் போக என்ன பயம்? கேட்கவில்லை. வருகிறேன் என்றேன்.

ஜனவரி 28, சாயங்காலம்

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் போய்க் கத்திவிடுவேன்.

சியானில் இறங்கி, பையை ஹோட்டலில் போட்டுவிட்டு, டாக்சி பிடித்துப் போனோம். புதுக் குடியிருப்பு. கதவுகளில் எல்லாம் புத்தாண்டுச் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. பை நிறைய வாங்கி வந்திருந்தாள் — புகையில் போட்ட பன்றிக்கறி, அரிசி உருண்டை, ஒரு சிவப்பு உறை. லிப்டில் கண்ணாடி பார்த்துத் தலையை வாரிக்கொண்டாள். இரண்டு தடவை.

மணி அடித்ததும் ஒரு இளம்பெண் திறந்தாள். தோளில் குழந்தை, அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. ருய்யைப் பார்த்ததும் அந்தப் பெண் ஒரு அடி பின்னால் போனாள். யாரென்று கேட்கவில்லை. உள்ளே திரும்பி, "ஹாங், நீயே வா" என்றாள்.

ஹாங்.

அவன் வந்தான். முப்பது வயதிருக்கும். கையில் கரண்டி. ருய்யின் நெற்றி, ருய்யின் புருவம். செத்துப்போன பையன்.

"உன் வீட்டுக்காரிக்குப் பிடிக்கும்னு கறி கொண்டு வந்தேன்" என்றாள் ருய். வேறு எதையுமே சொல்லத் தெரியாதவள் போல.

அவன் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். "இவங்களும் அந்தக் குழுவா?"

நான் தலையாட்டினேன்.

"சித்தி போன்ல சொன்னாங்க. நான் ஆத்துல முங்கிச் செத்துட்டேனாம். வருஷா வருஷம் எனக்கு ஊதுபத்தி கொளுத்துறீங்களாம்." கோபமே இல்லை குரலில். அடுப்பில் வைத்தது கருகிவிடும் என்பது போல உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். "அதுவும் நல்லதுதான். அப்படியே இருக்கட்டும். உங்களுக்குப் புத்தாண்டு வாழ்த்துகள் ஆன்ட்டி."

மெதுவாகச் சாத்தினான். குழந்தை முழித்துவிடக்கூடாது என்றுதான் இருக்கும்.

ருய் பையைக் கதவோரம் வைத்தாள். பிறகு எடுத்துக்கொண்டாள். பிறகு மறுபடியும் வைத்தாள். நான் படியிறங்கி வந்துவிட்டேன். லிப்டுக்குக்கூட நிற்கவில்லை.

உயிரோடு இருக்கிறவனுக்கு ஊதுபத்தி ஏற்றியிருக்கிறேன். அவனுக்காக அழுதிருக்கிறேன். என் யாவ்யாவ் பெயருக்குப் பக்கத்தில் அவன் பெயரை வைத்து — எப்படி முடிந்தது இவளுக்கு? என் வயிற்றைத் திறந்து காட்டியபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாளே, அப்போது அவன் எங்கேயோ சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

கீழே கூப்பிடுகிறார்கள். விருந்து.

ஜனவரி 29, புத்தாண்டு

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

ஹோட்டலில் ஒரு தனி அறை, வட்ட மேஜை. எங்களுக்காக மீன் வைக்கச் சொல்லியிருந்தார் ஹோவ் அண்ணன். மீன் இல்லாமல் புத்தாண்டு விருந்தா. ருய் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தாள். மிளகாய் விழுதை எல்லோர் தட்டிலும் வைத்தாள். எப்போதும் போல. அதைத்தான் தாங்க முடியவில்லை.

பெய் தன் செல்போனை நீட்டிக்கொண்டு வந்தாள். பாவம், அவளும் அம்மாவைப் பிரிந்து எங்களோடு அலைகிறாள். "எல்லாரும் இப்ப பிள்ளைங்களுக்கு வீடியோ கால் போடுறோம். நான் படம் எடுக்கிறேன். முதல்ல யாரு? மெங் பாட்டி, நீங்க."

மெங் வீட்டம்மாவின் சாப்பாட்டுக் குச்சி தட்டில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

ருய்தான் பேசினாள். எப்போதும் அவள்தானே. "போனை உள்ள வைம்மா. எங்க யாருக்கும் பிள்ளைங்க இல்ல. இருந்துச்சுங்க, இப்ப இல்ல. நீ உக்காரு, சாப்பிடு."

பெய்யின் முகம் வெளுத்தது. எனக்கு அவளைப் பார்க்கத் தோன்றவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

"உனக்கு இருக்கான்."

ருய் என்னைப் பார்த்தாள்.

"என்ன சொல்றே ஷூவென்?" என்றார் ஹோவ் அண்ணன்.

"இவளோட பையன் உயிரோட இருக்கான். இதே ஊர்லதான். மத்தியானம் பாத்தேன். பொண்டாட்டி இருக்கா, குழந்தை இருக்கு. இவகூட பேச மாட்டேங்கிறான். அவ்வளவுதான். அவ்வளவுதான் இவளுக்கு நடந்தது."

அந்த 'அவ்வளவுதான்' — அதை இரண்டாவது தடவை சொல்லியிருக்க வேண்டாம்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். மெங் வீட்டம்மா மட்டும் கேட்டாள், "என் பையன் படத்தை மடியில வச்சுக்கிட்டு அழுதியே ருய். அது யாருக்காக?"

ருய் மீனின் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தாள். "ஆறிப்போகுது. சாப்பிடுங்க" என்றாள்.

ஹோவ் அண்ணன் எழுந்தார். "நாளைக்கு ரயில் இருக்கான்னு பாரும்மா" என்று பெய்யிடம் சொன்னார். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.

இன்று காலை அறையில் பெட்டி கட்டினாள். நான் குளியலறையிலேயே இருந்தேன், தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு. வெளியே வந்தபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு.

"செத்துட்டான்னு சொன்னா ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்கக்கா. பேச மாட்டேங்கிறான்னு சொன்னா, நீ என்ன பண்ணினேன்னு கேப்பாங்க."

"என்ன பண்ணினே?"

"அந்தப் பொண்ணை வேணாம்னேன். கேக்கல. அவ வேலை பாத்த இடத்துக்கே போயி எல்லார் முன்னாடியும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவளுக்கு வேலை போச்சு. நேத்து கதவைத் திறந்தாளே, அவதான்." கையுறையைப் போட்டாள், கழற்றினாள். "உங்க கூடல்லாம் இருக்கும்போது, அவன் நிஜமாவே செத்துட்ட மாதிரிதான் இருந்துச்சு. நான் நடிக்கல. நம்புவீங்களா?"

நம்பினேனா? தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

போய்விட்டாள். பிறகு பஸ்ஸில் ஏற்றி மண் வீரர்களைக் காட்டினார்கள். பெரிய குழி, வரிசை வரிசையாக ஆள் உயரப் பொம்மைகள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு முகமாம். பெய் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள். எங்களைச் சுற்றிக் குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஜனங்கள். "அப்பா, தெரியல, தூக்கு." யாரோ இடித்துக்கொண்டே இருந்தார்கள். நான் ஒரு முகத்தையும் பார்க்கவில்லை.

ஜனவரி 30

மிளகாய் விழுதை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். யாரும் தொடவில்லை.

பிப்ரவரி 1

குய்லின். படகில் லீ ஆறு. மழை. மலைகள் தெரியவில்லை, மலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக எதுவோ. பெய் மன்னிப்புக் கேட்டாள், மழைக்கும் அவளே காரணம் போல. அன்றிலிருந்து எங்களைத் தாத்தா பாட்டி என்று கூப்பிடுவதில்லை. "ஐயா", "அம்மா".

ருய் இருந்திருந்தால், காசு கொடுத்து மேகம் பார்க்க வந்தோமா என்று கேட்டிருப்பாள். படகே சிரித்திருக்கும். எட்டுப் பேரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன்.

மெங் வீட்டம்மா படத்தை இன்று வெளியே எடுக்கவில்லை. நனைந்துவிடும் என்றாள்.

நானும் இரண்டு நாளாக யாவ்யாவை நினைக்கவில்லை. ருய்யையே நினைத்துக் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன். அது வசதியாகக்கூட இருக்கிறது. இப்படி ஒரு அம்மா.

பிப்ரவரி 3

வீடு. ஊறுகாய் பூஞ்சை பிடித்துவிட்டது. கொட்டினேன்.

மார்ச் 6

குழு அரட்டையிலிருந்து ருய் விலகிய பிறகு யாருமே அதில் எழுதுவதில்லை. ஹோவ் அண்ணன் காலை வணக்கம் மட்டும் போடுவார், பூப்படம் போட்டு. இன்று அதுவும் இல்லை. போன் செய்தேன். "எதுக்கு ஷூவென்? ஒருத்தரை ஒருத்தர் பாத்தா செத்ததுங்க ஞாபகம்தான் வருது. முன்னாடி அவ இருந்தா, சிரிச்சோம்" என்றார். மே மாதப் பயணமும் இல்லையாம்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்? பொய்தான். அந்தப் பொய்யைச் சுற்றி ஒன்பது பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம். உண்மையைச் சொன்னேன், மேஜையே காலி.

மார்ச் 20

முழுநாளும் யாரிடமும் பேசவில்லை. சாயங்காலம் குரல் வருகிறதா என்று பார்க்க ஏதோ சொல்லிப் பார்த்தேன்.

ஏப்ரல் 12

ஆற்றோர மீன் சந்தைக்குப் போனேன். ருய்.

முதலில் குரல்தான் கேட்டது. தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பெண்களிடம் பேசிக்கொண்டு நின்றாள். புதிதாகக் குடிவந்தவர்கள் போலிருக்கிறது, நான் பார்த்ததில்லை. "சியான்ல இருக்கான் என் பையன். தினம் சாயங்காலம் போன் வந்துடும். பேத்தி போனைப் பிடுங்கித் தின்னப் பாக்குறா." அவர்கள் சிரித்தார்கள். மெலிந்திருக்கிறாள். முடிக்குச் சாயம் பூசுவதில்லை.

என்னைப் பார்த்துவிட்டாள். பேச்சு நின்றது. கையிலிருந்த பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், நான் பிடுங்கிவிடுவேன் என்பது போல.

அந்தப் பெண்களில் ஒருத்தி திரும்பினாள். "இவங்களுக்குத் தெரிஞ்சவங்களா நீங்க? பேத்தியப் பாத்திருக்கீங்களா?"

ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனியில்தான் இருந்தது.

"பாத்திருக்கேன். புத்தாண்டுக்கு நாங்க ரெண்டு பேரும்தான் போயிருந்தோம்" என்றேன்.

அவர்கள் மீன் வாங்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் நின்றோம். கடைக்காரன் எங்களுக்கு என்ன வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டான். மன்னிப்பு என்று எதுவும் நடக்கவில்லை. அவள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பத் திரும்பினேன். அப்போதுதான் பின்னால் இருந்து, மிகவும் தாழ்ந்த குரலில் —

"அக்கா. அது பொண்ணா, பையனா? நான் அவனையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

"பொண்ணுதான்."

"முகம்?"

"உன் முகம்தான்."

"பல்லு முளைச்சிருந்துச்சா?"

நான் அன்று பார்த்தது அதன் பின்தலையை மட்டும்தான். மேலே இரண்டு, கீழே இரண்டு என்றேன். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.