பீரங்கியை விடாத ஸ்டோல்டும் வாந்தியெடுத்த ஸ்டோல்டும்

கார்ல்ஸ்க்ரோனா,
மே மாதக் கடைசி

அன்பு மகள் உல்ரிகாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. பூமியின் அந்தக் கோடியில், பெர்த்தில், இப்போது குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. இங்கே லைலாக் பூத்துவிட்டது, அம்மா நம் படகுக்குப் பச்சை வண்ணம் அடிக்கிறேன் என்று பாதியை என் கால்சட்டைக்கு அடித்துவிட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. ரஷ்யப் போரில் கப்பல் எரிந்தபோதும் பீரங்கியை விடாமல் நின்று செத்த மாலுமி யூனாஸ் ஸ்டோல்ட் நம் மூதாதை என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேன் அல்லவா? நடுக்கோடை விழாவுக்கு மறுநாள் படகுத்துறையில் அவருக்கு நினைவுப் பலகை, நீதான் திரை விலக்க வேண்டும் என்று எழுதி, நாலு வருஷமாக வராத உன்னைப் பயணச்சீட்டும் வாங்க வைத்தேன். அந்த யூனாஸ் நமக்கு யாருமே இல்லை.

கண்டுபிடித்தவன் வம்சாவளிச் சங்கத்து பெங்ட். திரை விலக்கும் நாளுக்கு நான் எழுதிய மேடைப் பேச்சைக் கேட்டுப் பாராட்டட்டும் என்று நானேதான் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டவன், "ஏம்ப்பா ரக்னார், யூனாஸ் செத்து மூணு வருஷம் கழிச்சு உங்க முப்பாட்டன் பொறந்திருக்காரே, அது எப்படிப்பா?" என்றான். தேவாலயப் பதிவேட்டில் பாதிரியார் தேதியைத் தப்பாக எழுதிவிட்டார் என்று நான் எப்போதோ தள்ளிவிட்ட விஷயம் அது. பாவம் பாதிரியார். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் ஸ்டோல்ட் மாதிரிப் பெயர் மனிதனுக்கு இல்லை, கடற்படைக்கு ஆள் தரும் குடிசைக்கு. மாலுமி செத்தால் அடுத்து வருகிறவனுக்குக் குடிசையோடு பெயரும் சேரும், விதவைக்குப் போக்கிடம் இல்லையென்றால் பல சமயம் அவளையும் கட்டிக்கொள்வான். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி, வருஷக்கணக்காக ஆராய்ச்சி செய்த எனக்கு மட்டும் அது நம் வீட்டுக்கும் பொருந்தும் என்று தோன்றவில்லை.

யூனாஸுக்குப் பிள்ளையே இல்லை. அவர் மனைவியைக் கட்டிக்கொண்டு அந்தக் குடிசைக்கு வந்த இரண்டாவது ஸ்டோல்ட், மோன்ஸ் என்பவர்தான் நம் ஆள். காட்டுப்பக்கத்து ஊர்க்காரர், அதுவரை கடலையே கண்டதில்லை. முதல் பயணத்திலேயே குடல் வெளியே வருகிற வாந்தி, கப்பலுக்கு லாயக்கில்லை என்று கரையில் கயிறு திரிக்க அனுப்பிவிட்டார்கள். உன் அம்மாவிடம் சொன்னேன். உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை உருட்டிக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை. "படகு துறையத் தாண்டுறதுக்குள்ள உங்க மூஞ்சி வெளிறிப் போறப்பவே நெனச்சேன், இது பீரங்கிக்காரர் ரத்தம் இல்லன்னு" என்றாள்.

பெங்ட் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றான். நானும் பேசாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். மானம் போவது எனக்குப் புதிதில்லை, வீரன் இல்லையென்றால் நீ வராமல் போய்விடுவாயோ என்றுதான் பயம். அந்தப் பலகையே உன்னை வரவழைக்கப் போட்ட தூண்டில், கண்ணு. உன்னைப் பார்க்காமல் எனக்கு முடியவில்லை. ஆனாலும் பொய்ப் பலகைக்கு உன் கையால் திரை விலக்க மனசு வரவில்லை. பெயரை மாற்றச் சொல்லிவிட்டேன். மோன்ஸ் செய்த சாதனை என்று என்ன எழுதுவது, வாந்தியா என்று பலகை வைக்கும் சங்கத்தார் சிரித்தார்கள். வீடு திரும்பினார் என்று எழுதுங்கள் என்றேன்.

உனக்கு ஒரு குறையும் வராமல் கடவுள் காக்கட்டும். பயணத்துக்கு வாந்தி மாத்திரை எடுத்துவை, நம் ரத்தம் இன்னதென்று இப்போது தெரிந்துவிட்டது. யூனாஸ் திரும்பி வரவில்லை, மோன்ஸ் வந்தார், அதனால்தான் நாமெல்லாம் இருக்கிறோம். நீயும் வந்துவிடு.

உன்னையே எதிர்பார்த்திருக்கும்
அப்பா
ரக்னார் ஸ்டோல்ட்