மகாராணியின் வருத்தம்

மில்லிக்கன், ரொறன்ரோ
20 மே 2024

அன்புத் தங்கச்சி ஜெனாட்டுக்கு,

ஆண்டவர் கிருபையில இருக்கிறம். போனில கதைச்சால் பக்கத்தில நிக்கிற உன்ர மகள் மெலிசாவுக்குக் கேக்கும். அதுதான் பக்கத்து வீட்டு நிலாணி மன்னாருக்கு வரேக்க இதைக் குடுத்துவிடுறன்.

என்ர அன்ட்ரூவுக்குத் திரும்பவும் முழங்காலுக்குள்ள ரத்தம் கட்டிப்போச்சு. இந்தமுறைதான் கிளினிக்கில குடும்பத்தைப் பற்றி வடிவாக் கேட்டவை. பல்லுப் பிடுங்கி, ரத்தம் நிக்காமல் செத்த எங்கட சின்னண்ணையைச் சொன்னன். இது தாய்வழியா வாற வருத்தமாம். பொம்பிளைப்பிள்ளையள் தங்களுக்குத் தெரியாமலே காவிக்கொண்டு போவினமாம். ஆம்பிளைப்பிள்ளையளுக்குத்தான் ரத்தம் உறையாதாம். விக்டோரியா மகாராணி குடும்பத்திலயும் இதுதானாம். அவவின்ர பேத்தியள் கலியாணம் முடிச்சுப் போன ரஷ்யா, ஸ்பெயின் அரண்மனையளுக்கும் கூடவே போச்சுதாம். இண்டைக்கு இஞ்ச அவவின்ர பேரில லீவு. "எங்கட சொந்தக்காரிக்கு பேர்த்டே, அம்மா" எண்டு அன்ட்ரூ கட்டிலில கிடந்து சிரிக்கிறான்.

கலியாணத்துக்கு முதல் மெலிசாவின்ர ரத்தத்தைச் சோதிச்சுப் பார். கெஞ்சிக் கேக்கிறன்.

உன்ர அக்கா,
றோஸ்மேரி

மன்னார்
11 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

அன்ட்ரூவுக்காக ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லுறன். ஆனா மெலிசாவை விடுங்கோ. முப்பத்தொரு வயசில வந்த சம்பந்தம். றொனால்ட் நல்ல பெடியன். தாய்தான் எதிலயும் குறை பிடிக்கிறவ. சோதிக்கப் போனால் ஊரே என்ன வருத்தமெண்டு கேக்கும். மகாராணியின்ர பெட்டையளை ஆரும் வேண்டாமெண்டு சொன்னவையே? எங்கட பிள்ளையைச் சொல்லுவினம். கலியாணம் முடியட்டும், பாப்பம்.

அன்புத் தங்கச்சி,
ஜெனாட்

மில்லிக்கன்
30 ஜூன்

ஜெனாட்,

நீ கோவிப்பாய். நேற்று மெலிசாவுக்குப் போன் எடுத்துச் சொல்லிப்போட்டன். இதென்ன வருத்தமெண்டு துருவித் துருவிக் கேட்டாள். பிறகு, "பெரியம்மா, றொனால்டிட்ட இதைச் சொல்லாமல் நான் எப்பிடிக் கோயிலில போய் நிக்கிறது?" எண்டாள். அவள் அவனிட்டச் சொல்லுவாள் எண்டு நான் நினைக்கேல்லை. அன்ட்ரூவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி ஓடிக் களைச்சவள் நான். அந்த ஓட்டம் அவளுக்கு வேண்டாமெண்டுதான். கோவத்திலயெண்டாலும் ஒரு வரி எழுது.

அக்கா

மன்னார்
18 நவம்பர்

அக்கா,

மெலிசா சொல்லேக்க றொனால்ட் முதல் "பரவாயில்லை" எண்டுதான் சொன்னவன். பிறகு அவன் சொல்லித் தாய் வந்து நகையைத் திருப்பித் தந்திட்டு, வாசலில நிண்டு, அயலுக்கெல்லாம் கேக்க, "ரத்தம் பழுதான குடும்பம்" எண்டா.

மெலிசா கொழும்புக்குப் போய் ரத்தம் குடுத்தவள். போன கிழமைதான் முடிவு சொன்னவை. அவள் அந்த வருத்தத்தைக் காவேல்லையாம். உடன அவையின்ர வீட்டுக்கு ஓடினன். "இப்ப அப்பிடித்தான் சொல்லுவீங்கள்" எண்டா தாய். றொனால்ட் உள்ளுக்குள்ள இருந்தவன், வெளியில வரேல்லை. தை மாசம் அவனுக்கு வேற இடத்தில கலியாணமாம்.

மெலிசா இப்ப ஒருதரோடயும் கதைக்கிறேல்லை. சோத்துக் கோப்பையைக் கையில குடுத்தால் தின்னுறாள். உங்களில கோவமில்லையெண்டு மட்டும் ஒருக்காச் சொன்னவள். எனக்கு அப்பிடிச் சொல்லேலாது. நீங்கள் செய்தது பிழையெண்டு சண்டை பிடிக்கவும் ஏலாமல் கிடக்கு.

அன்ட்ரூவுக்குச் செபிக்கிறதை விடமாட்டன். ஆனா இனி எழுதவேண்டாம். நத்தார் பெருநாளுக்கும் போன் எடுக்காதேங்கோ.

ஜெனாட்