சந்தனம் பூசிய சென்சார்

ஆயுத பூஜை, புதன் இரவு.

கீழ்வீட்டு முருகன் அண்ணாவின் டாக்ஸிக்குச் சந்தனம் வைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். பின் பம்பரில் இருக்கும் பார்க்கிங் சென்சார்களுக்கும் சேர்த்து அப்பிவிட்டேன். சாமிக்கு ஒரு நெற்றிக்கண், டாக்ஸிக்கு நாலு என்று சிரித்தேன். சந்தனம் காய்ந்ததும், ரிவர்ஸ் எடுத்தாலே பின்னால் யாரோ நிற்பதுபோல் அது விடாமல் கத்தியது. அண்ணா கடுப்பில் சென்சார் ஒயரையே பிடுங்கிவிட்டார்.

சந்தனத்தைத் துடைத்துவிட்டுப் போய் உண்மையைச் சொன்னேன்.

"ஒயரை மாட்டிடுங்கண்ணா. பாப்பா பின்னாடி வந்து நிக்கும்."

"போடா டேய். நீ இன்னா சொன்னாலும் அதுல ஒரு வில்லங்கம் கீது. மறுபடியும் கத்த வெச்சு சிரிக்கணும், அதானே?"

அவருடைய இரண்டு வயது மகள் யாழினி, அப்பா கிளம்பும்போதெல்லாம் டாட்டா காட்ட வண்டிக்குப் பின்னால்தான் ஓடுவாள். சத்தம் வரவில்லை என்றால் பின்னால் யாரும் இல்லை என்று வண்டியை எடுத்துப் பழகியவர் அண்ணா.

பூஜையில் சக்கரம் ஏறி நசுங்கிய எலுமிச்சம்பழம் வாசலில் இன்னும் கிடக்கிறது.

காலையில் சவாரி இருக்கிறதாம். அவர் வண்டியை எடுக்கும்முன் நானே பின்னால் போய் நிற்கப் போகிறேன். நான் நின்றாலும் அது கத்தாது.