அத்தாவின் கடைசி மெசேஜ்

என் பிரியமான அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களை ஷார்ஜாவிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். போய் நின்று சலாம் சொல்ல பாலக்கரையில் எனக்கு ஒரு கபர் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

தில்லை நகரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன் அத்தா. என் முதல் மாணவர் நீங்கள்தான். குடோனில் மூட்டை தூக்கிய உங்களுக்கு, சூப்பர்வைசர் ஆக இங்கிலீஷ் வேண்டியிருந்தது. தினமும் அன்றைய பொழுதைப் பற்றி இங்கிலீஷில் இரண்டு வரி எழுதி என் போனுக்கு அனுப்புவீர்கள். நான் திருத்தி அனுப்புவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது, உங்களுக்குத் தெரியாதா என்ன?

இன்று ‘டயர்ட்’, ‘டயரிங்’ பாடம். முசிறியிலிருந்து வரும் அக்கா ஒருவர் எழுந்து, "ஐ யம் டயரிங்" என்றார். களைப்பாக இருக்கிறது என்று சொல்ல வந்தவர், மற்றவர்களைக் களைப்பாக்குகிறேன் என்று சொல்லிவிட்டார். வகுப்பே சிரித்தது. நான் அவர் பக்கத்தில் போனேன்.

"ஏங்க, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டேன்.

"இல்ல மிஸ். ரெண்டு பஸ் மாறி வரேன், அதான்."

உங்களை நான் கேட்கவில்லையே அத்தா. நீங்களும் கடைசி நாளில் "ஐ யம் டயரிங்" என்றுதான் எழுதியிருந்தீர்கள். படி ஏற முடியவில்லை என்று இரண்டாவது வரி. நான் இரண்டையும் திருத்தி, ஒரு சிரிப்பு பொம்மையும் வைத்து அனுப்பினேன். "ஓகே டீச்சர்" என்று பதில் வந்தது. மறுநாள் காலையில் உங்கள் ரூமில் இருந்தவர் போன் செய்து, தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகை முடிந்ததும் அம்மா என் போனை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்காருவார். "அத்தா கடைசியா எழுதுனத வாசிச்சுக் காட்டும்மா." இங்கிலீஷ் தெரியாத அம்மாவிடம் நான் பொய் சொல்கிறேன். இன்று வேலை கம்மி, நல்லா இருக்கேன் என்று எழுதியிருப்பதாக வாசிக்கிறேன். போன வாரம் அம்மா என் தலையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "முடியலைன்னா உன்கிட்டயாவது சொல்லியிருப்பாங்க."

சொன்னீர்கள் அத்தா. என்னிடம் மட்டும்தான் சொன்னீர்கள்.

அம்மா என்னை மன்னிப்பாரா, தெரியவில்லை. ஆனாலும் வருகிற வெள்ளிக்கிழமை அந்த இரண்டு வரியையும் வாசித்து, அர்த்தமும் சொல்வேன். நீங்கள் எழுதியது எழுதியபடியே, ஒரு எழுத்தும் திருத்தாமல்.

உங்கள் மகள்,
ரஹிமா