மாவைப் பிடித்த கைகள்

அக்கா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக நீல டிரம்முக்குள் குனிந்து கையை விட்டேன். விரல் நுனி அடியைத் தொட்டபோது மணிக்கட்டுவரைதான் நனைந்தது. முழங்கைவரை நனைந்தால் இரண்டு நாள் இட்லிக்குக் காணும், மணிக்கட்டோடு நின்றால் ஒரு வேளைக்குத்தான். நீங்கள் பழக்கிவிட்ட அளவு. இந்தத் தீவில், நம் லம்பா லைன் பக்கம் இப்போதும் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர்.

கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் செல்வி நிற்கிறாள். உங்கள் வீட்டுக்காரர் போன வருடம் மெயின்லேண்ட் போய்க் கட்டிக்கொண்டு வந்த பெண். இருபத்தாறு வயது. இடது கண் வீங்கி மூடிக் கிடந்தது. உதட்டோரம் காய்ந்த ரத்தம்.

"என்ன செல்வி இது?"

"வழுக்கிட்டேன்க்கா. தொட்டிகிட்ட."

"எப்ப?"

"நேத்து. இந்தக் கப்பல்ல வந்த வெங்காயத்துல பாதி அழுகல்க்கா, பாத்தீங்களா?" பேச்சை மாற்றிக்கொண்டே உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று நாளாக ஒரு சொட்டு விழாத தரை அது. வழுக்குவதற்கு ஈரம் எங்கே இருந்தது?

அந்தப் பொய்யை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். அதனால்தான் ஆறு வருடம் கழித்து உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் உங்கள் தகரக் கொட்டகைக்குள் வந்தது ஆசைப்பட்டு அல்ல. கப்பலில் சரக்கு இறக்கும்போது மூட்டை சரிந்து என் வீட்டுக்காரர், உங்கள் கொழுந்தனார், இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டார். என் பி.காம். பட்டத்துக்கு எந்த ஆபீசிலும் நாற்காலி கிடைக்கவில்லை. நீங்கள் அந்தக் கொட்டகையில் தனியாளாக இட்லி அவித்து, சாத்தம் படகுத்துறையில் அக்கரை பாம்பூஃப்ளாட்டுக்குப் படகேற நிற்பவர்களிடம் விற்றுக்கொண்டிருந்தீர்கள். வாசலில் தயங்கி நின்றவளைப் பார்த்துச் சிரித்தீர்கள். "மாவு ஒட்டுனா படிச்ச படிப்பு கழண்டு விழுந்துருமா புள்ள? உள்ள வா."

முதல் வாரத்திலேயே எனக்குச் சூடு வைத்தீர்கள். அரிசியை மூன்றாம் முறை கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினேன். தோசைக்கல்லில் கிடந்த திருப்பியை எடுத்து என் முன்னங்கையில் வைத்து அழுத்தினீர்கள். "கழுவிக் கழுவி ஊத்த இது ஒங்கப்பன் வெட்டுன கொளமா?" தோல் திருப்பியோடு ஒட்டி வந்தது. நான் அலறினேன். சாயங்காலம் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து அந்த இடத்தில் தடவிவிட்டீர்கள். அன்றிலிருந்து ஒரு துளி தண்ணீரோ ஒரு கரண்டி மாவோ என் கையிலிருந்து சிந்தியதில்லை. இப்படியும் ஒருத்தியைப் பழக்கலாம் என்று நீங்கள் நம்பினீர்கள். உங்களையும் அப்படித்தான் யாரோ பழக்கியிருக்க வேண்டும். கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் நீங்கள். பிறந்த வீட்டைக் கடல் வந்து வாரிக்கொண்டு போனபின் உங்களுக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இல்லை. அது உங்கள் வீட்டுக்காரருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்த வருடக் கோடையில் குழாயடியில் நடந்த சண்டை உங்களுக்கு மறந்திருக்காது. ஐந்து நாளாகத் தண்ணீர் இல்லை. ஆளுக்குப் பதிலாக டிரம்கள் வரிசையில் நின்றன. எதிர்வீட்டுத் தெலுங்குக்காரம்மா நம் டிரம்மைக் காலால் தள்ளித் தன்னுடையதை முன்னால் வைத்தார்.

"மேரா நம்பர் ஹை!"

"ஒன் நம்பரா? இந்தா வாங்கிக்க ஒன் நம்பர!"

உங்கள் எவர்சில்வர் குடம் அவர் நெற்றியில் இறங்கியது. புருவம் பிளந்தது. அவர் உங்கள் தலைமுடியைச் சுற்றிப் பிடித்துத் தோளைக் கடித்தார். இருவரும் தார் ரோட்டில் உருண்டீர்கள். பிரிக்கப் போன எனக்கு உதை விழுந்தது. அப்போது குழாய் இரண்டுமுறை செருமியது. "பானி ஆ கயா!" தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். அந்த நொடியே இருவரும் ஒருவரையொருவர் விட்டுவிட்டு எழுந்து ஓடினீர்கள். அவருக்குக் கண்ணில் ரத்தம் வழிந்து எதுவும் தெரியவில்லை. நீங்கள்தான் டியூபைப் பிடித்து அவர் டிரம்முக்குள் விட்டீர்கள். விட்டுக்கொண்டே திட்டினீர்கள்: "சாவுறதுன்னாலும் தண்ணி புடிச்சி வச்சிட்டுச் சாவுடி!" தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார், ரத்தத்தோடு.

உங்கள் வீட்டுக்காரரிடம் மட்டும் நீங்கள் கையை ஓங்கிப் பார்த்ததில்லை. வாரத்துக்கு இரண்டு முறை அடி விழும். பெல்ட், விறகு, கைக்கு அகப்பட்டது எதுவும். மறுநாள் விடியும்போது இட்லிப் பானை ஆவி விட்டுக்கொண்டிருக்கும். "ஏலாதுன்னு படுத்தா எந்திரிக்கவே ஏலாது புள்ள" என்பீர்கள்.

அந்த நாளை இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

மதியப் பார்சல் கட்டும் நேரம். உங்கள் வீட்டுக்காரர் வெளியே ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து கிரைண்டரின் ஒயரைப் பிடுங்கினார். விற்கப் போகிறாராம். நீங்கள் கிரைண்டரை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டீர்கள்.

"இத எடுத்துட்டா நாளைக்கு என்னாத்துல அரைக்கிறது? ஒன் தலயிலயா?"

அவர் உங்கள் கொண்டையைப் பிடித்து இழுத்து, சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் தலையை மோதினார். விளிம்பில் இருந்த மாவுப் பானை சாய்ந்தது. நான் இரண்டடி தூரத்தில் நின்றேன். பாய்ந்தேன். பானையைப் பிடித்துக்கொண்டேன்.

உங்களைப் பிடிக்கவில்லை, அக்கா. மாவைப் பிடித்தேன்.

அவர் மறுபடியும் மோதினார். தேங்காய் உடைவது போன்ற சத்தம். நான் பானையை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ரத்தத்தைப் பார்த்ததும் அவருக்கே பயம் வந்து, கிரைண்டரை விட்டுவிட்டு ஓடினார். நீங்கள் எழுந்தீர்கள். தலையில் துண்டை இறுக்கிக் கட்டினீர்கள். என்னைப் பார்த்து, "நல்ல வேள, மாவப் புடிச்ச" என்றீர்கள். தொட்டியை எட்டிப் பார்த்தீர்கள். தண்ணீர் சிவந்திருந்தது. "அதக் கொட்டாத. தரை கழுவ ஆகும்."

பிறகு, "யாராவது கேட்டா வழுக்கிட்டேன்னு சொல்லு. அவன் உள்ள போனா கொட்டகயும் போயிரும். எல்லாம் அவன் பேர்லதான இருக்கு. எம் பொண்ணு படிக்கணும்."

நாற்பது பார்சலையும் கட்டி முடித்துத்தான் உட்கார்ந்தீர்கள். இடையில் சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டீர்கள். சாயங்காலம் வாந்தி. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டீர்கள். நோட்டுடன் வந்த போலீஸ்காரர், "கைசே கிரி?" என்று கேட்டார். எப்படி விழுந்தார்? "பிசல் கயீ" என்றேன். வழுக்கிவிட்டார். இந்தியில் சொல்வது சுலபமாக இருந்தது. என் வாயிலிருந்து வந்தது போலவே இல்லை.

வழுக்கி விழுகிறவர் ஒருமுறைதான் விழுவார். அந்த இரண்டாவது முறையை நான் விழுங்கிவிட்டேன்.

அந்தப் பொய் எங்களுக்குச் சோறு போட்டது என்பதை மறைக்க மாட்டேன். உங்களை எரித்த மறுநாளே கொட்டகையைத் திறந்தேன். புயல் எச்சரிக்கைக் கொடியேறிய நாட்களில்கூட மூடவில்லை. உங்கள் மகள் பள்ளி முடித்து, மெயின்லேண்டில் நர்சிங் கடைசி வருடம் படிக்கிறாள். உங்கள் கொழுந்தனாரின் மருந்து நிற்கவில்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். அண்ணனைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. நானும் உங்கள் வீட்டுக்காரருக்குத் தினமும் டீ கொடுக்கிறேன். இன்று காலையும் கொடுத்தேன். "சீனி கம்மி" என்றார். செல்வி எழுந்து ஓடிப்போய்ச் சீனி எடுத்து வந்தாள். ஓடும்போது ஒரு கையால் விலாவைப் பிடித்திருந்தாள். அடி முகத்தோடு நிற்கவில்லை என்று அப்போது புரிந்தது.

நான் பேசினால் கொட்டகை போகும். உங்கள் மகளின் கடைசி வருடம் என்ன ஆகுமோ தெரியாது. போனில் பேசும்போதெல்லாம் அவள், "சித்தி, அம்மா வழுக்குனப்ப நீங்க பக்கத்துலதான இருந்தீங்க, வலிக்குதுன்னு சொன்னாங்களா?" என்று கேட்கிறாள். அவளிடம் முதலில் சொல்லவேண்டும். போலீஸிடம் சொல்வதைவிட அது கடினம். பேசாவிட்டால், இன்னொரு நாள் இன்னொரு நோட்டின் முன்னால் நான் நிற்பேன், செல்விக்காக.

நீங்கள் சொன்னதையெல்லாம் கேட்டேன். தண்ணீரை அளந்தேன், அடுப்பை அணைய விடவில்லை. இந்த ஒன்றில் மட்டும் உங்கள் பேச்சைத் தட்டுகிறேன், அக்கா. இன்று ராத்திரி உங்கள் மகளிடம் போனில் சொல்லிவிட்டு, நாளை விடிந்ததும் செல்வியைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறேன். அவள் வாயைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும், அன்று தொட்டியடியில் பார்த்ததை நான் சொல்லப்போகிறேன். இரண்டு முறை என்று சொல்லப்போகிறேன். செல்விக்கே இன்னும் தெரியாது.

நாளை சாத்தம் படகுத்துறையில், இட்லிக்காரம்மா ஏன் வரவில்லை என்று தேடுவார்கள். தேடட்டும்.